செக்கி தட்டு: அணைக்கும் கழிமுகத்துக்கும் எதை வாங்குவது, எதைத் திருத்துவது

நீர்த்தேக்கத்திலோ கழிமுகத்திலோ தண்ணீரின் தெளிவைத் தொடர்ந்து குறித்துவைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் எடுத்த எடுப்பில் விலை விசாரிப்பது டிஜிட்டல் கலங்கல்மானிக்குத்தான். முதலில் வாங்க வேண்டியது 20 செ.மீ. செக்கி தட்டு: கயிற்றில் கட்டித் தண்ணீரில் இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்க்கும் வட்டத் தட்டு. கலங்கல்மானி, தண்ணீரில் மிதக்கும் துகள் ஒளியை எவ்வளவு சிதறடிக்கிறது என்று சொல்லும். தட்டு, வெளிச்சம் எவ்வளவு ஆழம் போகிறது என்று சொல்லும். பாசிக்கும் கடற்புல்லுக்கும் கண்ணால் இரை தேடும் மீனுக்கும் வேண்டிய கணக்கு இரண்டாவதுதான். ஆனால் கடையில் கிடைக்கும் தட்டுகளை அப்படியே தண்ணீரில் இறக்கினால் அளவு தப்பும். எங்கே தப்பும், எப்படிச் சரிசெய்வது என்பதற்குத்தான் இந்த மதிப்பீட்டில் அதிக இடம்.

1865-இல் இத்தாலியப் பாதிரியாரும் வானியலாளருமான ஆஞ்செலோ செக்கி, போப்பாண்டவரின் கப்பலில் இருந்து வெள்ளைத் தட்டுகளை மத்தியதரைக் கடலில் இறக்கிச் சோதித்தார். 1899-இல் அமெரிக்கப் பொறியாளர் ஜார்ஜ் விப்பிள் அதை நான்கு கால்வட்டமாகப் பிரித்து, கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றித் தீட்டினார். நன்னீருக்கு இன்றும் அதுதான் வழக்கம். கடலாய்வில் 30 செ.மீ. முழு வெள்ளைத் தட்டு புழங்குகிறது. இரண்டின் அளவுகளையும் ஒரே பட்டியலில் கலக்கக் கூடாது. ஆற்றில் தொடங்கி முகத்துவாரம் வரை அளக்கப் போகிறவர்கள் ஒரே வகைத் தட்டை வைத்துக்கொள்வது நல்லது. நம் கழிமுகங்களின் கலங்கலுக்குக் கறுப்பு வெள்ளை 20 செ.மீ. போதும்.

சந்தையில் மூன்று வகை வருகிறது. ஆய்வகச் சாமான் கடைகளில் அக்ரிலிக் தட்டும் துருப்பிடிக்காத எஃகுத் தட்டும் கிடைக்கும். இறால் பண்ணைச் சாமான் விற்கும் கடைகளில் அளவு குறித்த குச்சியின் நுனியில் பொருத்திய தட்டு கிடைக்கும். குச்சித் தட்டு குளத்துக்கு அருமையானது. கயிறு வளைவது, இழுபடுவது என்ற பேச்சே இல்லை. ஆனால் ஒன்றரை மீட்டர் ஆழத்தைத் தாண்டினால் உதவாது.

அக்ரிலிக்கின் முதல் குறை எடை. 6 மி.மீ. தடிமன் உள்ள 20 செ.மீ. அக்ரிலிக் தட்டு சுமார் 220 கிராம் இருக்கும். தண்ணீருக்குள் போனதும் மிதப்பு விசை போக மிஞ்சுவது 35 கிராம்தான். இலேசான நீரோட்டமே அதைச் சாய்த்துவிடும். சாய்ந்த தட்டு முழு வட்டமாகத் தெரியாது, சீக்கிரம் மறையும், அளவு குறையும். அடியில் எடை தொங்கவிட வேண்டும். அசையாத அணை நீருக்கு அரைக் கிலோ, ஏற்றவற்றம் உள்ள இடத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ. எடை தட்டின் விட்டத்தைவிட ஒடுங்கியிருக்கட்டும். மேலிருந்து பார்க்கும்போது அதன் ஓரம் வெளியே நீட்டித் தெரிந்தால் கண் ஏமாறும். 3 மி.மீ. எஃகுத் தட்டு முக்கால் கிலோ இருக்கும். அணைக்குக் கூடுதல் எடை இல்லாமலே தாங்கும். கழிமுகத்துக்கு வாங்குபவர்கள் உப்பு அரிப்பைத் தாங்கும் 316 தர எஃகா என்று கேட்டு வாங்கவும். தட்டு நல்ல எஃகாக இருந்தாலும் நடுவில் உள்ள கொக்கி போல்ட்டு சாதாரண இரும்பாக வருவது உண்டு. உப்புத்தண்ணீரில் முதலில் போவது அதுதான்.

அடுத்தது பெயிண்ட். பளபளப்பான எனாமல் வேண்டவே வேண்டாம். வெயில் பட்டால் கறுப்புக் கால்வட்டமும் வெள்ளையாக மின்னும். மேட் வெள்ளை, மேட் கறுப்பு என்று கேட்டுத் தீட்டுங்கள். அடிப்பக்கம் முழுவதும் கறுப்பு. வெள்ளை மஞ்சளித்துப் போனால், அல்லது பாசி படிந்து மங்கினால், தண்ணீர் கலங்காமலே அளவு குறையத் தொடங்கும். பல ஆண்டுப் பதிவு வைத்திருப்பவர்கள் கவனிக்காமல் விடுவது இந்த மெதுவான சரிவைத்தான்.

கயிறுதான் பெரிய வில்லங்கம். தட்டோடு இலவசமாக வரும் கயிறு பெரும்பாலும் நைலான் அல்லது பாலிப்ரொப்பிலீன். நைலான் நனைந்தால் நீளும். மூன்று மீட்டர் அடையாளத்தில் 3 சதவீதம் நீண்டால் 9 செ.மீ. குறைத்துப் படிக்கிறோம் என்று அர்த்தம். பருத்திக் கயிறு நேர்மாறாகச் சுருங்கும். பாலிப்ரொப்பிலீன் மிதக்கும். எடை குறைந்த தட்டோடு சேர்ந்தால் தண்ணீருக்குள் வில்லாக வளைந்து நிற்கும். பின்னிய பாலியஸ்டர் கயிறு வாங்கி, ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, எடையைத் தொங்கவிட்டு விறைப்பாக வைத்துக்கொண்டு அடையாளம் இடுங்கள். பத்து செ.மீ.க்கு ஒரு கோடு, அரை மீட்டருக்கு வேறு நிற நூல் சுற்று. மார்க்கர் மை கழுவிப் போகும். ஊசியில் கோத்துத் தைத்த நூல் போகாது.

பூஜ்யம் எங்கே தொடங்குகிறது என்பதையும் பாருங்கள். தட்டின் மேல்முகமே பூஜ்யம். கொக்கியின் மேல் முடிச்சிலிருந்து அளந்து அடையாளமிட்ட கயிறுகள் விற்பனைக்கு வருகின்றன. அந்த நான்கு செ.மீ. வித்தியாசம் ஐந்து மீட்டர் தெளிவுள்ள மலை ஏரியில் ஒன்றுமில்லை. 30 செ.மீ. தெளிவுள்ள இறால் குளத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் பிழை.

அளப்பது எளிது, ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி செய்ய வேண்டும். காலை 10 முதல் பகல் 2 மணிக்குள், படகின் நிழல் பக்கம், கறுப்புக் கண்ணாடி அணியாமல். தட்டை மெதுவாக இறக்கி, மறையும் ஆழத்தைக் குறியுங்கள். இன்னும் அரை மீட்டர் இறக்கிவிட்டு மேலே தூக்கி, மறுபடி தெரியும் ஆழத்தைக் குறியுங்கள். இரண்டின் சராசரிதான் செக்கி ஆழம். தட்டு தரை தட்டியும் தெரிந்தால், அந்த ஆழத்தை அளவாக எழுதாமல் ‘அதற்கும் மேல்’ என்று எழுத வேண்டும். பழவேற்காடு போல ஆழம் குறைந்த ஏரியில் இது அடிக்கடி நடக்கும். தட்டைப் பாசிக்கொடி மறைத்தால் அந்த அளவு செல்லாது, நகர்ந்து போய் எடுக்கவும்.

கழிமுகத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. ஓட்டத்தில் கயிறு செங்குத்தாக நிற்காது. 20 டிகிரி சாய்ந்தால் உண்மை ஆழம் கயிற்று நீளத்தில் 94 சதவீதம். 30 டிகிரி சாய்ந்தால் 87 சதவீதம், அதாவது கயிறு 2 மீட்டர் காட்டும்போது தட்டு நிற்பது 1.73 மீட்டரில். கணக்குப் போட்டுத் திருத்தலாம்தான். ஆனாலும் ஏற்றம் முடிந்து வற்றம் தொடங்கும் முன் நீர் நிற்கும் அந்தச் சிறு இடைவேளையில் எடுப்பதே மேல். ஏற்றவற்றத்தின் எந்த நிலையில் எடுத்தோம் என்று எழுதாத கழிமுக அளவு எதற்கும் பயன்படாது. பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழையில் ஆற்றின் கலங்கல் நீர் மேலடுக்காக வரும்போது, உப்புக் கூடிய கடல்நீர் கனமாக அடியில் நுழையலாம். தட்டு மேலடுக்கிலேயே மறைந்துவிடும். கீழே தண்ணீர் தெளிந்திருந்தாலும் தட்டுக்குத் தெரியாது. உப்பளவு மானியும் கூடவே இருந்தால்தான் கதை முழுதாகும்.

இனி, அந்த எண்ணை வைத்து என்ன செய்வது? செக்கி ஆழத்தை மீட்டரில் எழுதி 1.7-ஐ அதனால் வகுத்தால், ஒரு மீட்டருக்கு ஒளி குறையும் விகிதம் தோராயமாகக் கிடைக்கும். கடல் ஆய்வாளர்கள் பூல், அட்கின்ஸ் இருவரும் 1929-இல் தந்த கணக்கு இது. மிகக் கலங்கிய கரையோர நீருக்கு 1.7-க்குப் பதில் 1.44 பொருந்தும் என்பார்கள். செக்கி ஆழம் 60 செ.மீ. என்றால், மேற்பரப்பு ஒளியில் ஒரு சதவீதம் மட்டும் எட்டும் ஆழம் 1.6 முதல் 1.9 மீட்டர். மிதவைப் பாசி பிழைத்து வளர்வது ஏறக்குறைய அதுவரைதான். கடற்புல்லுக்கு இது போதாது. வேர், தண்டுக் கிழங்கு எல்லாவற்றுக்கும் இலைதான் சோறு போட வேண்டும் என்பதால், சராசரியாக மேற்பரப்பு ஒளியில் பதினொரு சதவீதமாவது வேண்டும். கணக்குப்படி செக்கி ஆழத்தைப் போல 1.3 முதல் 1.5 மடங்கு ஆழம் வரைதான் அது வாழும். தெளிவு 2 மீட்டரிலிருந்து ஒரு மீட்டராகக் குறைந்தால் புல்லின் எல்லை மூன்று மீட்டரையொட்டிய ஆழத்திலிருந்து ஒன்றரைக்கு ஏறிவிடும். பாக் விரிகுடா போலத் தரை மெல்லச் சரியும் கடலில், ஆழத்தில் ஒன்றரை மீட்டர் என்பது பரப்பில் மிகப் பெரிய பட்டை. 2022-இல் 448 சதுர கி.மீ. கடற்பசுப் பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்டதும் அந்தப் புல்வெளியை நம்பித்தான்.

அணைகளுக்கு ஏரி ஆய்வாளர் கார்ல்சன் 1977-இல் வகுத்த குறியீடு இருக்கிறது: 60-இல் இருந்து, 14.41-ஐ செக்கி ஆழத்தின் இயல் மடக்கையால் பெருக்கிக் கழிக்க வேண்டும். ஒரு மீட்டருக்கு 60, இரண்டுக்கு 50, அரை மீட்டருக்கு 70. எண் கூடினால் நீர் சத்து மிகுந்து பாசி மண்டுகிறது என்று பொருள். எச்சரிக்கையோடு கையாள வேண்டிய இடம் இது. தெளிவைக் கெடுப்பது பாசிதான் என்ற அனுமானத்தில் பிறந்த கணக்கு. புதுவெள்ளம் வந்து செம்மண் கரைந்த நீரில் இதைப் போட்டால், பாசியே இல்லாத தண்ணீரைப் பாசிக்குளம் என்று அறிவித்துவிடும்.

ஆகவே தட்டோடு ஒரு கண்ணாடிப் பாட்டில் கட்டாயம். அளந்த இடத்தில் ஒரு லிட்டர் எடுத்து ஒரு நாள் அசைக்காமல் வையுங்கள். வண்டல் அடியில் படியும். நீலப்பச்சைப் பாசி காற்றுப் பைகள் உள்ளது என்பதால் மேலே பச்சை ஆடையாகத் திரளும். மேட்டூர் அணையின் நீர் தேங்கும் ஓரங்களில் நாற்றத்தோடு படர்வது இந்த வகைதான். மறுநாளும் பழுப்பாகவே நின்றால் அது நுண்களிமண். அதில் ஒரு சிட்டிகை கல்லுப்பைப் போட்டுக் கலக்கிப் பாருங்கள், துகள்கள் ஒன்றையொன்று பற்றித் திரிதிரியாக இறங்கும். நன்னீர் கடல்நீரைத் தொடும் இடத்தில் வண்டல் குவிவதற்கு இதுவும் முக்கியக் காரணம். தேநீர் நிறம் மாறாமல் தெளிவாக இருந்தால், மட்கிய இலையின் சாயம்.

தெளிந்த தண்ணீர் என்றால் நல்ல தண்ணீர் என்று முடிவு கட்டுவதுதான் இந்தக் கருவியை வைத்திருப்பவர்கள் செய்யும் பெரிய தவறு. கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ–சான் வாக்கீன் கழிமுகம் இதற்குச் சரியான பாடம். அணைகள் வண்டலைப் பிடித்துவைத்தன, எகேரியா என்ற அயல் நீர்க்களை ஓட்டத்தைத் தணித்து மிஞ்சியதையும் படியவைத்தது. தண்ணீர் பத்தாண்டுக்குப் பத்தாண்டு தெளிந்தது. அங்கு மட்டுமே வாழும் டெல்டா ஸ்மெல்ட் என்ற விரல் நீள மீன் கலங்கிய நீரில்தான் அதிகம் காணப்படும். குஞ்சுகள் சற்றுக் கலங்கிய நீரில் நன்றாக இரை எடுக்கும், எதிரி கண்ணிலிருந்தும் தப்பும். அந்த மீன் இன்று அழிவின் விளிம்பில் நிற்க, தெளிவு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. காவிரியிலும் அணைகளில் தங்கும் வண்டல் கழிமுகத்துக்கு வராத வண்டல்தான். முகத்துவாரத்தில் செக்கி ஆழம் கூடினால் மகிழும் முன் அதையும் யோசிக்க வேண்டும்.

இறால் குளத்தில் மட்டும் விடை நேரடியானது. 30 முதல் 45 செ.மீ. நல்ல பச்சை. 20-க்குக் கீழே போய், நிறமும் பாசிப் பச்சையாக இருந்தால், விடியற்காலையில் ஆக்சிஜன் இறங்கும். ஏரேட்டரை இரவு முழுக்க ஓட்டுங்கள், தீவனத்தைக் குறையுங்கள். 60-க்கு மேலே போனால் வெளிச்சம் தரையைத் தொட்டு அடிப்பாசி முளைக்கும்.

தட்டுக்கு மாற்றாக விற்கும் இரண்டையும் சுருக்கமாகப் பார்க்கலாம். கலங்கல் குழாய் என்பது அடியில் சிறு செக்கி வடிவம் பதித்த ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாய். நீரை நிரப்பி, மேலிருந்து பார்த்து, வடிவம் தெரியும்வரை அடியில் உள்ள திறப்பின் வழியே நீரை வடிக்க வேண்டும். வாய்க்கால், மதகு, முழங்கால் ஆழச் சதுப்பு எல்லாவற்றுக்கும் இதுதான் கைகொடுக்கும். நிரப்பிய உடனே படிக்காவிட்டால் வண்டல் அடியில் படிந்து வடிவத்தை மூடும். 5 என்.டி.யு.வுக்குக் (கலங்கலை அளக்கும் அலகு) கீழே இது பேசாது. குடிநீருக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 ஏற்கும் அளவு 1, வேறு நீர் கிடைக்காதபோது 5. எனவே குடிநீர்ச் சோதனைக்குக் குழாயை நம்ப வேண்டாம்.

அங்கேதான் மின்னணுக் கருவி தேவை. கையடக்கக் கருவிகளில் ஹேக் 2100க்யூ பரவலாகப் புழங்குகிறது. 1000 என்.டி.யு. வரை அளக்கும். வெள்ளை விளக்கு உள்ளது, 860 நானோமீட்டர் அகச்சிவப்பு உள்ளது என்று இரு வகை. இலைச் சாயம் ஏறிய நீருக்கு அகச்சிவப்பு வகையே பொருத்தம், சாயம் அதை அவ்வளவாகக் குழப்பாது. எந்தக் கருவியானாலும் பிழை பெரும்பாலும் மாதிரி நீரை ஊற்றும் குப்பியில்தான்: விரல் ரேகை, கீறல், ஒட்டிய காற்றுக் குமிழி, குளிர்ந்த நீரால் வெளியே படியும் பனி. துடைத்து, மெல்லிய சிலிக்கோன் எண்ணெய் பூசி, எப்போதும் ஒரே திசையில் வைத்துப் படியுங்கள். அதன் எண்ணை அப்படியே லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் வண்டல் என்று எழுதக் கூடாது. அதே எடையுள்ள களிமண் மணலைவிடப் பல மடங்கு ஒளியைச் சிதறடிக்கும்.

மாணவர்கள், ஏரிக் காவல் குழுக்கள், மீனவர் சங்கங்களுக்கு எஃகுத் தட்டு, பாலியஸ்டர் கயிறு, பாட்டில் இவ்வளவு போதும். முடிந்தால் நீரின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க 21 நிறங்கள் கொண்ட ஃபோரல்–ஊலே நிற அட்டையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தெளிவு ஏன் குறைந்தது என்பதற்கு நிறம் பாதி விடை தரும். உப்புநீரில் இறக்கிய ஒவ்வொரு முறையும் தட்டையும் கயிற்றையும் நன்னீரில் கழுவி நிழலில் காயவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கயிற்றை நனைத்து, எடை கட்டி, எஃகு டேப்பை அருகில் பிடித்து அடையாளங்களைச் சரிபாருங்கள். ஒரு மீட்டருக்கு ஒரு செ.மீ.க்கு மேல் விலகியிருந்தால் கயிற்றை மாற்றி, மாற்றிய தேதியைப் பதிவேட்டில் எழுதிவிடுங்கள்.