மூணு வருஷமா விண்டி வெச்சு பசங்களுக்கு ஆன்லைன்ல வானிலை கிளாஸ் எடுக்கறேன் – என் அனுபவம்

ஞாயித்துக்கிழமை காலைல ஜூம்ல ஒரு மணி நேரம், 6ல இருந்து 8ங்கிளாஸ் பசங்க, காசெல்லாம் வாங்கறதில்ல, ஆர்வக்கோளாறுதான். ஆரம்பத்துல, காத்து மழையெல்லாம் மேப்ல ஓட்டிக் காமிக்கற இந்த விண்டி (Windy) ஆப் ஒண்ணு போதும்னு நெனச்சுதான் இறங்கினேன்.

காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு காமிக்க அத அடிச்சுக்க ஆளில்ல. தென்மேற்கு காத்து அடங்கி அக்டோபர் கடைசில வடகிழக்குல இருந்து திரும்பி வர்றத புக்குல அம்புக்குறி போட்டு எத்தன தடவ சொன்னாலும் மண்டைல ஏறாது, இதுல ஜூலை மாசம் எடுத்த ரெக்கார்டிங்கையும் நவம்பர்ல எடுத்ததையும் அடுத்தடுத்து ஓட்டினா ஒரே நிமிஷம். லைவா ஷேர் பண்ணாதீங்க, என் நெட்டுக்கு அந்த கோடெல்லாம் கஞ்சி மாதிரி கலங்கித் தெரிஞ்சுது. சனிக்கிழமை ராத்திரியே ஸ்கிரீன் ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்கறேன், ஷேர் பண்றப்ப வீடியோவுக்குன்னு இருக்கற டிக்கையும் போட்டுக்கறேன். ஒரு மணி நேர கிளாஸுக்கு மூணு மணி நேர வேலை, வீட்ல திட்டு தனி.

இலவச வெர்ஷனே தாராளம். 3 மணி நேரத்துக்கு ஒரு படம், பசங்களுக்கு அதுக்கு மேல எதுக்கு?

நான் சொதப்பினது வேற இடத்துல. "மிஸ், எங்க ஊர்ல மழைன்னு காட்டுது, வெளிய சுள்ளுனு வெயில் அடிக்குதே"ன்னு ஒரு பொண்ணு கேட்டுட்டா. அப்பதான் உறைச்சுது, அந்த மழை, கம்ப்யூட்டர் மாடல் போட்ட கணக்கு, பெஞ்ச மழை இல்ல, இத நான் ஒரு கிளாஸ்ல கூட சொல்லவே இல்ல. அதுக்கப்புறம் ஈசிஎம்டபிள்யூஎஃப் (ஐரோப்பிய மாடல்), ஜிஎஃப்எஸ் (அமெரிக்க மாடல்) ரெண்டையும் மாத்தி மாத்திக் காமிப்பேன், ஒண்ணு மழைய கடலூர்ல போடும், இன்னொண்ணு கடல்லயே விட்டுடும், பசங்க பந்தயம் கட்டுவாங்க. பொறவு வானிலை ஆய்வு மையத்தோட சென்னை, காரைக்கால் ரேடார் படம். அது மேகத்துல இருக்கற தண்ணில பட்டுத் திரும்பி வந்த சிக்னல், கணக்கு இல்ல.

ஆனா நெஜமா வேலை செஞ்சது பாட்டில் மழைமானிதான். நேரான பாட்டில், தலைய வெட்டி கவுத்து வெச்சா புனல், அடில கூழாங்கல் போட்டு ஸ்கேலோட சைபர் வரைக்கும் தண்ணி. "வாய் பெருசா இருந்தா நெறைய மழை விழுமே"ன்னு கேட்டாங்க பாருங்க, அந்த ஒரு கேள்விக்கே ஒரு கிளாஸ் ஓடிச்சு. (விழும்தான், ஆனா பாட்டிலும் அதே அளவுக்கு அகலமாச்சே, உயரம் மாறாது.) காலைல 8:30க்கு அளக்கணும், அந்நேரம் ஸ்கூல் பஸ் போயிருக்கும், அதனால பாதி வீட்ல பாட்டிங்கதான் வானிலை ஆய்வாளர்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி கிட்ட கரையக் கடந்துட்டு நகராம அங்கயே உக்காந்துச்சே, மறுநாள் கிளாஸுக்கு விழுப்புரம் பக்கத்துப் பையன் வரல, கரண்ட் இல்ல. அடுத்த வாரம் வந்தான். அவன் ஸ்கேல் 15 செமீ, மயிலத்துல மட்டும் 50 செமீ கிட்ட கொட்டியிருக்கு. "மிஸ், பாட்டில் வழிஞ்சு ஓடிடுச்சு, நோட்டுல என்னன்னு எழுதறது?"ன்னான். 15க்கு மேலன்னு எழுதுடான்னேன்.