சாக்கில் சேவல் படம், உள்ளே என்ன?

அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தையில் கோழி விற்கிறவர்கள் தீவனத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. நாமாகக் கேட்டால், "நாட்டுக்கோழிக்கு எதுக்கும்மா தீவனம்? ரெண்டு கை நொய்யைத் தூவுங்க, மிச்சத்தை அதுவே மேஞ்சுக்கும்" என்பார்கள். குப்பைமேடும் மாட்டுக்கொட்டகையும் உள்ள வீட்டுக்கு அது சரி. எங்கள் கொல்லையோ திண்டுக்கல் புறநகரில், நாலு பக்கமும் காம்பவுண்டுச் சுவர், பாதிக்குச் சிமெண்ட் தளம். மேய்ச்சல் நிலம் என்றால் ஒரு முருங்கை மரத்தடிதான். நொய்யில் புரதம் நூற்றுக்கு 8 தேறும். வளரும் குஞ்சுக்கு வேண்டியது 20 பக்கம். கரையானும் புழுவும் கிடைக்காத இடத்தில் மீதியைக் காசு கொடுத்துத்தான் வாங்கியாக வேண்டும்.

நான் வாங்கியது சந்தைக்கு வெளியே, நான்கு வழிச் சாலைக்கு ஏறும் முன் இருக்கும் கடையில். பலகையில் எழுத்தெல்லாம் உதிர்ந்து 'தீவனம்' மட்டும் மிச்சம். கடைத் தம்பி விலை சொல்வதற்கு முன்னால், "குஞ்சுக்கா அக்கா, முட்டைக்கா?" என்று கேட்டார். இந்த ஒரு கேள்விக்காகவே கடையைப் பாராட்டலாம். எங்கள் தெருமுனைப் பலசரக்குக் கடையில் கோழித் தீவனம் என்றால் ஒரே டப்பாதான்.

என்னிடம் இருந்தவை முட்டையிடும் இரண்டு பெட்டை, ஒரு சேவல், தாயோடு வந்த குஞ்சுகள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மூட்டையில் முடித்துக்கொள்ளத்தான் யாருக்கும் ஆசை வரும். விலை குறைவு என்று கை முதலில் போவது லேயர் தீவனத்துக்கு, அதாவது முட்டைக்கோழித் தீவனத்துக்கு. குஞ்சு இருக்கும் வீட்டில் அதைத் தொடவே கூடாது. முட்டை ஓடு ஒன்றுக்கு இரண்டு கிராம் கால்சியம் போகும்; அதற்காக லேயர் தீவனத்தில் 3 முதல் 4 சதவீதம் வரை சுண்ணாம்புச் சத்து ஏற்றியிருப்பார்கள். குஞ்சுக்கு 1 சதவீதம் போதும். மிஞ்சியதை வெளியேற்ற முடியாமல் சிறுநீரகம் கெட்டு, உள்ளுறுப்பெல்லாம் சுண்ணாம்பு பூசினாற்போல வெள்ளை படிந்து சாகும். பார்க்கிறவர்கள் வெள்ளைக்கழிச்சல் என்று நினைத்துவிடுவார்கள்.

இனி சரக்கு. லேயர் தீவனம் தூளாக வருகிறது. பெட்டைகள் மக்காச்சோளத் துணுக்கைப் பொறுக்கிவிட்டுத் தூளைத் தட்டிலேயே விட்டுவிடுகின்றன. சத்தெல்லாம் அந்தத் தூளில்தான். லேசாகத் தண்ணீர் தெளித்துப் பிசறி வைத்தால் தின்கின்றன. ஆனால் சித்திரை வெயிலில் அது மதியத்துக்குள் புளித்துவிடும், காலையில் வைத்ததை எடுத்துக் கொட்டிவிட வேண்டும்.

பிராய்லர் ஸ்டார்ட்டர், அதாவது கறிக்கோழிக் குஞ்சுக்கான தீவனம், குருணையாக வருகிறது, சிந்தாமல் கொத்துகின்றன. புரதம் 22 சதவீதம் வரை இருக்கும். முதல் சில வாரத்துக்கு நாட்டுக்குஞ்சுக்கு அது நன்றாகவே ஒத்துக்கொள்கிறது. சில்லறையில் கிலோ 48 ரூபாய் வாங்கினார்கள். ஒரு குஞ்சு எட்டு வாரத்துக்குள் இரண்டு கிலோவைத் தாண்டித் தின்னாது, அதனால் இந்தச் செலவை நான் கணக்குப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியது மருந்து. இதில் பல மூட்டைகளில் ரத்தக்கழிச்சலுக்கான தடுப்பு மருந்து கலந்தே வரும். குஞ்சுக்கு நல்லதுதான், நாம் முட்டை எடுத்துச் சாப்பிடும் பெட்டைக்கு ஆகாது.

மூன்றாவது, 'நாட்டுக்கோழி ஸ்பெஷல்'. சாக்கில் வாலைத் தூக்கி நிற்கும் கறுப்புச் சேவல், அசில் என்கிற சண்டைச் சேவல் மாதிரி. எந்த வயதுக் கோழிக்கு, புரதம் எவ்வளவு, கால்சியம் எவ்வளவு, ஒன்றும் அச்சிடவில்லை. மூட்டை வாயில் தைத்திருக்க வேண்டிய சீட்டும் இல்லை. கையில் அள்ளிப் பார்த்தேன்: தவிடு ஏராளம், மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் சிக்கு வாடை. மற்ற இரண்டையும்விட இதுதான் விலை அதிகம் என்பது வேடிக்கை. "படத்துக்குப் போகுது அக்கா" என்று தம்பியே சிரித்தார்.

கடைசியில் குஞ்சுக்கு ஸ்டார்ட்டர் மூன்று கிலோவும், பெரியவற்றுக்கு மருந்து கலக்காத குரோயரும் (வளரும் கோழிக்கான தீவனம்) வாங்கினேன், பக்கத்தில் ஒரு தட்டில் கிளிஞ்சல் துகள். குரோயரில் புரதம் 16. முட்டையிடும் பெட்டைகள் கிளிஞ்சலைத் தேடிப் போய்க் கொத்துகின்றன, சேவல் திரும்பியும் பார்ப்பதில்லை. யாருக்கு எவ்வளவு சுண்ணாம்பு என்பதை அவையே முடிவு செய்துகொள்வதால் லேயர் மூட்டை இல்லாமலே முட்டை ஓடு கெட்டியாக இருக்கிறது. சாயங்காலம் ஒரு கை கம்பு. கூட்டுக்குள் வரவழைக்க அதுதான் லஞ்சம்.

குஞ்சின் பங்கைத் தாய் தின்றுவிடாமல் இருக்க என் மாமியார் சொன்ன வழி, பஞ்சாரத்தை (கோழியைக் கவிழ்க்கும் கூடை) மூன்று செங்கல் மேல் கொஞ்சம் தூக்கி வைத்து உள்ளே தட்டை வைப்பது. குஞ்சு நுழையும், கோழி நுழையாது. பண்ணைச் சாமான் விற்கிற கடைகளில் இதற்கென்று கம்பிக்கூண்டு தனியாக விற்கிறார்கள்.

கடையைப் பற்றிக் குறையும் உண்டு. சில்லறைத் தீவனத்தை வாய் திறந்த சாக்கிலேயே வைத்திருக்கிறார்கள். ஐப்பசி அடைமழையில் அப்படி ஈரம் ஏறிய மக்காச்சோளத்தில் பூஞ்சை பிடித்தால் அதன் நஞ்சு கோழியின் ஈரலைத்தான் தாக்கும். நான் அன்று பிரித்த மூட்டையிலிருந்து கேட்டு வாங்குகிறேன், சீட்டில் தயாரித்த தேதியையும் காட்டச் சொல்கிறேன். தம்பி முகம் சுளிப்பதில்லை. நாலைந்து கோழிக்கு 50 கிலோ மூட்டை எடுத்து மாதக்கணக்கில் வைத்திருப்பதைவிட இது மேல். கிளிஞ்சல் ஐந்து கிலோ பையாகத்தான் தருகிறார்கள், அது எங்கள் கோழிகளுக்கு வருஷத்துக்கே காணும்.

புதிதாகக் கோழி வாங்குகிறவர்களுக்கு ஒன்று: விற்றவர் எதைப் போட்டு வளர்த்தார் என்று கேட்டு, அதையும் ஒரு கிலோ கையோடு வாங்கி வாருங்கள். வந்த அன்று வெல்லத் தண்ணீர், பிறகு பழைய தீவனத்தோடு புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஐந்தாறு நாளில் மாற்றினால் கழிச்சல் வராது. கடைக்கு வியாழக்கிழமை போகாதீர்கள். சந்தைக் கூட்டத்தில் தம்பிக்குக் கேள்வி கேட்க நேரம் இருக்காது, கைக்கு வந்த சாக்கைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்.