உதை குறைந்த மான் வேட்டை றைபிள்: பல வருடப் பாவனைக்குப் பிறகு

ஒன்ராறியோவில் வாழ்ந்த காலம் முழுக்க நவம்பர் வந்தால் நான் மான் வேட்டைக்குப் போவேன். இப்போது மட்டக்களப்பு கல்லடியில் இருக்கிறேன். துவக்குகள் ஒன்ராறியோவில் உரிமம் உள்ள மகனிடம் இருக்கின்றன. கனடாவில் வளரும் மட்டக்களப்புப் பிள்ளைகள் சிலர் பாதுகாப்புப் பயிற்சி முடித்து, உரிமம் எடுத்து, எனக்கு அழைப்பெடுக்கிறார்கள். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: தோளை நோகடிக்காத, ஆனால் மானை வதைக்காமல் விழுத்துகிற காலிபர் எது, மாமா? காலிபர் என்றால் குழலின் அளவும் அதற்கான தோட்டா வகையும். .308, .243, 6.5 கிறீட்மோர் மூன்றையும் வருடக்கணக்காகப் பாவித்திருக்கிறேன். அதை வைத்தே எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒன்று. நான் எழுதுவது ஒன்ராறியோவின் வெள்ளைவால் மானைப் பற்றி. அங்கே பருவம் உண்டு, அனுமதிச் சீட்டு உண்டு, எத்தனை மான் சுடலாம் என்பதற்குக் கணக்கு உண்டு. இங்கே இலங்கையில் 1937 ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் புள்ளிமானும் மரையும் பாதுகாக்கப்பட்ட விலங்குகள். உன்னிச்சைக் காட்டிலோ கல்லோயாப் பக்கமோ மானுக்குக் குறி வைப்பது குற்றம். தட்டுப்பட்டால் தானாக வெடிக்கிற கட்டுத்துவக்கு அதைவிடக் கொடியது. அது மான், மனிதன், யானைக்கன்று என்று பார்ப்பதில்லை. இதை வாசித்துவிட்டு ஊரில் யாரும் துவக்கைத் தூக்கக் கூடாது என்பதில் நான் மிகக் கண்டிப்பாக இருக்கிறேன்.

சரி, உதைக்கு வருவோம். சுடும்போது துவக்கு பின்னுக்கு வந்து தோளை இடிப்பதுதான் உதை. படுவான்கரையில் வயல் காவலுக்கு உரிமம் பெற்ற 12 போர்த் துவக்கு வைத்திருந்த பெரியவர்களிடம் கேட்டால் உதை என்றால் என்ன என்று சொல்வார்கள். ஏழரை இறாத்தல் எடையுள்ள துவக்கு என்று வைத்துக்கொண்டால், 12 போரின் சாதாரணத் தோட்டா ஏறக்குறைய 23 அடி-இறாத்தல் (உதையின் சக்தியை அளக்கும் அலகு) உதைக்கும். அதே எடையுள்ள றைபிளில் 150 கிரெய்ன் (ரவையின் எடையளவு) ரவையோடு .308 வின்செஸ்ரர் 16 அளவில் வரும். 7 மில்லிமீற்றர்-08 13, 14. 6.5 கிறீட்மோர் 12, 13. 100 கிரெய்ன் ரவையோடு .243 வின்செஸ்ரர் ஒன்பதுதான். .308-க்கும் .243-க்கும் இடையிலான வித்தியாசம் தாளில் சின்னதாகத் தெரியும். தோளில் அது கிட்டத்தட்டப் பாதி.

வலி இதில் சின்னப் பிரச்சினை. உடம்பு அந்த உதையை எதிர்பார்க்கத் தொடங்குவதுதான் பெரிய பிரச்சினை. விசையை இழுக்கிற அந்தக் கணத்தில் கண் மூடும், தோள் முன்னுக்குப் போகும், குழல் கீழே சாயும். சுடுகிறவருக்கு அது தெரியவே தெரியாது. கண்டுபிடிக்க எளிய வழி, சுடும் திடலில் உங்களுக்குத் தெரியாமல் இன்னொருவர் நல்ல தோட்டாக்களுக்கிடையில் மருந்தில்லாத போலித் தோட்டா ஒன்றைக் கலந்து போடுவது. வெடிக்காத அந்தத் தோட்டாவில் குழல் துள்ளினால் உங்களுக்குப் பயம் பிடித்துவிட்டது என்று அர்த்தம். மானின் நெஞ்சில் இதயமும் நுரையீரலும் இருக்கிற இடம் ஒரு சாப்பாட்டுப் பீங்கான் அளவுதான். அந்தத் துள்ளல் ரவையை அங்கிருந்து குடலுக்குக் கொண்டுபோகும். குடலில் அடிபட்ட மான் மணிக்கணக்காக வதைபட்டுத்தான் சாகும். உதை குறைந்த காலிபரை நான் இவ்வளவு வலியுறுத்துவது இதனால்தான்.

என் .308 ஆறரை இறாத்தல் எடை. கையில் தூக்கி நடக்கச் சுகம், சுடும் மேசையில் நரகம். காலிபரில் குறை இல்லை, மானுக்கு .308 தாராளம். ஆனால் உதைக்கும் சக்தி துவக்கின் எடைக்கு எதிர்மாறாகப் போகும். அதே தோட்டாவை எட்டு இறாத்தல் றைபிளில் சுடுவதற்குப் பதில் ஆறு இறாத்தல் றைபிளில் சுட்டால் உதை மூன்றில் ஒரு பங்கு கூடும். கடைகளில் 'மலை வேட்டைக்கு' என்று இளைத்த றைபிள்களை விற்கிறார்கள். நம்மில் பலர் மெலிந்த உடம்புக்காரர், அதனால் இலகுவான துவக்கே நல்லது என்று நினைக்கிறார்கள். நான் அதற்கு நேர் எதிர். ஸ்கோப்போடு (குறிபார்க்கும் தொலைநோக்கியோடு) சேர்த்து எட்டு இறாத்தல் இருக்கட்டும். ஊரில் பழைய ஆட்களுக்குத் தெரிந்த திரீ நொட் திரீ (.303) றைபிளின் உதை தாங்கக்கூடியதாக இருந்ததற்கு அதன் மரமும் இரும்பும் சேர்ந்த கனமும் ஒரு காரணம்.

.243-ஐத்தான் நீண்ட காலம் வைத்திருந்தேன். 1955 இல் .308-இன் தோட்டாக் கூட்டையே கழுத்துச் சுருக்கி உருவாக்கிய தோட்டா இது. 100 கிரெய்ன் ரவை செக்கனுக்கு 2,960 அடி அளவில் கிளம்பும். நாங்கள் போகிற தேவதாருக் காடுகளில் நூறு மீற்றருக்கு அப்பால் மானைப் பார்ப்பதே அரிது, ஆகவே சக்தி போதாது என்று ஒருநாளும் நான் நினைக்கவில்லை. பக்கவாட்டாக நிற்கிற மானுக்கு, முன்காலுக்குச் சற்றுப் பின்னால் விழுந்தால் அது சில பாய்ச்சலோடு முடிந்தது.

ஆனால் .243 பிழை பொறுக்காத காலிபர். கடையில் 55, 58 கிரெய்ன் ரவைகளும் கிடைக்கும். அவை நரி போன்ற சிறு விலங்குகளுக்கானவை. மானில் பட்டால் தோளெலும்பிலேயே சிதறிவிடும். 95 அல்லது 100 கிரெய்னில், மானுக்கென்று செய்த உறுதியான ரவைதான் வேண்டும். மான் உங்களை நோக்கிச் சாய்வாக நின்றால் விட்டுவிடுங்கள். இன்னொன்று, துவாரம் சின்னது. சில நேரம் ரவை மறுபக்கம் வெளியே வராது, இரத்தத் தடம் குறைவு. சதுப்பில், இருட்டுப்படுகிற நேரத்தில், காய்ந்த இலைகளுக்கு மேல் துளித் துளியாக இரத்தம் தேடுவது பெரிய மனவேதனை. நான் 6.5-க்கு மாறியது அந்தத் தேடலைத் தவிர்க்கத்தான்.

6.5 கிறீட்மோரை 2007 இல் ஹோர்ணடி நிறுவனம் இலக்குச் சுடும் போட்டிகளுக்காகக் கொண்டுவந்தது. ஆயிரம் யார் (சுமார் 900 மீற்றர்) தூரக் கதைகளைக் கேட்டு அதை வாங்க வேண்டாம். அவ்வளவு தூரத்தில் மானுக்குச் சுடுவதை நான் ஏற்கவே மாட்டேன். அதன் நல்ல குணம் வேறு. 140 கிரெய்னுக்கு மேற்பட்ட நீண்ட, ஒல்லியான ரவை மிதமான வேகத்தில் ஆழமாகப் போகும், பெரும்பாலும் மறுபக்கம் வெளியே வரும். .243-ஐ விடக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளும், ஆனால் .308-ஐப் போல அறையாது. ஒரு பெட்டித் தோட்டா முடித்த பிறகும் கடைசிச் சூடு முதல் சூட்டைப் போலவே விழுந்தது. எனக்கு அதுதான் பரீட்சை.

7 மில்லிமீற்றர்-08 என் வேட்டைத் தோழரிடம் இருந்தது. அதுவும் நல்ல காலிபர்தான், மூஸ் என்ற பெரிய மானையும் சுட நினைக்கிறவர்கள் அதை எடுக்கலாம். .30-30 காலிபர், விசைக்குக் கீழே உள்ள பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றுகிற பழைய லீவர் துவக்குகளில் அழகு. கிட்டத்தூரக் காட்டுக்குப் போதும். ஒன்ராறியோவின் தெற்கில் சில இடங்களில் றைபிளுக்கே அனுமதியில்லை. அங்கே போகிறவர்கள் 12 போர் சிலக்கை (ஒற்றைப் பெரிய ரவைத் தோட்டாவை) விட்டு 20 போருக்குப் போங்கள்.

காலிபருக்கு அடுத்தது பிடியின் நீளம். பெரியவர்களுக்கான றைபிள்களில் விசையிலிருந்து பின்முனை வரை வழக்கமாகப் பதின்மூன்றரை அங்குலம். ஐந்தடி ஆளுக்கு அது அதிகம். கடையில் மெல்லிய சேர்ட்டோடு தோளில் வைத்துப் பார்த்தால் போதாது, நவம்பர்க் குளிருக்குப் போடுகிற தடித்த ஜக்கற்றோடு பார்க்க வேண்டும். பிடி நீளமானால் கழுத்தை முன்னுக்கு நீட்ட வேண்டிவரும், துவக்கு தோளில் சரியாகப் பதியாது. கட்டையான பிடியும் நல்ல இறப்பர்த் திண்டும் காலிபரை ஒரு படி குறைத்த மாதிரி வேலை செய்யும். குழல் முனையில் பூட்டுகிற பிரேக் உதையைக் குறைக்கும், ஆனால் அந்தச் சத்தம் காதைக் கெடுக்கும். கனடாவில் சத்தம் குறைக்கும் குழாய்க்கு அனுமதி இல்லை. எனவே பிரேக்கை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கடைசி வருடங்களில் ஈய ரவையை விட்டுச் செம்பு ரவைக்கு மாறினேன். ஈயம் இறைச்சிக்குள் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகப் பரவும். அந்த இறைச்சியைப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. செம்பு உடைந்து எடை இழப்பதில்லை, ஆகவே எடை குறைந்த ரவையே அதே ஆழத்துக்குப் போகும். எடை குறைந்தால் உதையும் குறையும். .243-இல் 80, 85 கிரெய்ன் செம்பு ரவை பழைய 100 கிரெய்ன் ஈயத்தின் வேலையைச் செய்யும். இப்போது அழைப்பெடுக்கிற மருமகளுக்கு நான் சொன்னது இது: கட்டைப் பிடி, எட்டு இறாத்தல், .243, செம்பு ரவை. ரவையை மாற்றினால் குறி இடம் மாறும். காட்டுக்குப் போக முன் திடலில் ஸ்கோப்பைத் திரும்பச் சரி பார்க்க வேண்டும்.