லீட்ஸ், லஃப்பரோ, போல்டர், டெம்பி, ஜிரோனா: படிப்பும் டிரையத்லானும் ஒன்றாக நடக்க எந்த ஊர் சரி?

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் ஒரே பந்தயமாக நடப்பது டிரையத்லான். கல்லூரி தேடும் டிரையத்லெட் பெரும்பாலும் முதலில் மலையைப் பார்ப்பார். அடுத்து, அந்த ஊரில் எந்த ஒலிம்பிக் வீரர் பயிற்சி எடுத்தார் என்று பார்ப்பார். படுக்கைக்கும் குளத்துக்கும் வகுப்பறைக்கும் நடுவில் எத்தனை நிமிடம் என்பதை யாரும் முதலில் கேட்பதில்லை. வாரத்துக்கு 16 மணி நேரப் பயிற்சி என்றால் சுமார் 11 முறை வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் போக 20 நிமிடம், வர 20 நிமிடம் கூடினால் வாரத்துக்கு 440 நிமிடம், அதாவது 7 மணி 20 நிமிடம். வகுப்பு நேரத்தில் கை வைக்க முடியாது. இத்தனையும் தூக்கத்திலிருந்துதான் கழியும். இங்கே ஐந்து ஊர்களையும் எடைபோட்டிருப்பது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

இங்கிலாந்தின் லீட்ஸ் இந்தக் கணக்கில் நன்றாகத் தேறுகிறது, ஆனால் எந்தப் பகுதியில் வீடு எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து. 2012லும் 2016லும் ஒலிம்பிக் தங்கம் வென்ற அலிஸ்டர் பிரௌன்லி படித்தது இங்குள்ள லீட்ஸ் பல்கலைக்கழகத்தில்தான். பிரௌன்லி சகோதரர்களின் பெயரைத் தாங்கிய டிரையத்லான் மையம் நகரின் வடக்கே பாடிங்டன் மைதானத்தில் இருக்கிறது. அங்கேயே ஒரு மைல் நீளத்துக்குக் கார் வராத சைக்கிள் சுற்றுப்பாதை உண்டு. கூட்டமாக ஓட்டும் பந்தயத்துக்குத் தயாராகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்: முன்னே போகிறவரின் சக்கரத்தை ஒட்டி ஓட்டுவது, வளைவில் வரிசை குலையாமல் திரும்புவது இதையெல்லாம் பொதுச் சாலையில் பழகினால் ஆபத்து.

பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கும் குளம் 25 மீட்டர், 8 லேன். 50 மீட்டர் குளம் வேண்டுமென்றால் நகரின் தென்புறம் உள்ள ஜான் சார்ல்ஸ் மையத்துக்குப் போக வேண்டும். நீச்சல் ஒரு திசை, சைக்கிள் எதிர்த்திசை என்பதுதான் லீட்ஸின் குறை. அதனால் நகர மையத்தில் அறை எடுக்காதீர்கள். ஓட்லி சாலையை ஒட்டிய ஹெடிங்லி என்ற பகுதி, பல்கலைக்கழக வளாகத்துக்கும் பாடிங்டனுக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது. அதே சாலையில் வடக்கே போனால் ஓட்லி, அதைத் தாண்டினால் டேல்ஸ் பள்ளத்தாக்குகளின் ஏற்றங்கள். போக்குவரத்து நெரிசலைக் குறுக்கே வெட்டிப் போக வேண்டியதில்லை. ஓட்டத்துக்கு மீன்வுட் பள்ளத்தாக்குப் பாதை இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு அருகில் தொடங்கி சுமார் 11 கி.மீ. நீளும் இதில் பெரும்பகுதி மண் தரை. கெண்டைக்கால் தசை இறுகிப்போகிறவர்களுக்கு இது ஒன்றே பெரிய வரம்.

குளிர்காலத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். டிசம்பரில் மாலை 4 மணிக்குள் சூரியன் மறைந்துவிடும், கிராமச் சாலைகளில் பனி உறையும். வாரநாள் சைக்கிள் எல்லாம் டர்போ ட்ரெய்னரில்தான், அதாவது சைக்கிளைப் பொருத்தி அறைக்குள்ளேயே நின்ற இடத்தில் ஓட்டும் கருவியில். மாணவர்கள் வாடகைக்கு எடுக்கும் பழைய வரிசை வீடுகளில் தளம் மரப்பலகை. பின்சக்கரத்தைக் கழற்றிப் பொருத்தும் வகை ட்ரெய்னர் காதுக்குச் சத்தமில்லாதது என்றாலும், அதிர்வு பலகை வழியே இறங்கிக் கீழ் அறையில் உறுமலாகக் கேட்கும். தரைத்தள அறையையோ நிலவறையையோ கேளுங்கள். கிடைக்காவிட்டால் ரப்பர் பாயை இரண்டாக மடித்துப் போடுங்கள். ஃபேன் இல்லாமல் ஓட்டினால் வியர்வை ஹேண்டில்பார் கழுத்து போல்ட்டுகளில் இறங்கி உப்புப் பூத்து, சில மாதங்களில் அவை திருகவே வராது. ஹேண்டில்பார் கழுத்தின் மேல் ஒரு துண்டு கட்டாயம். ஈரத்துணியும் ஒரு பிரச்சினை: ஒரு நாளில் மூன்று முறை உடை நனைகிறது. திறக்க முடியாத ஜன்னல் உள்ள அறையில் இரண்டே வாரத்தில் சுவரில் பூஞ்சை வரும். அறை பார்க்கப் போகும்போது ஜன்னலைத் திறந்து பாருங்கள்.

இங்கிலாந்தின் இன்னொரு பல்கலைக்கழக ஊரான லஃப்பரோவில் தூரக் கணக்கே எழாது. 50 மீட்டர் குளம், தடகள மைதானம், ஜிம், வகுப்பறை எல்லாம் ஒரே வளாகம். நீச்சலில் பின்தங்கியவருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் சொல்வது கடினம். ஆனால் ஆடம் பீட்டி போன்ற உலகத்தர நீச்சல்காரர்கள் பயிற்சி எடுத்த குளம் இது. நல்ல நேரத்துக்குப் போட்டி இருக்கும். விண்ணப்பிக்கும் முன் டிரையத்லான் பயிற்சியாளருக்கு எழுதி இரண்டு விஷயங்களைக் கேளுங்கள்: தேர்வுபெற்ற குழுவுக்கும் சாதாரண கிளப்புக்கும் தனித்தனியாக எந்த நேரம், எத்தனை லேன்? குழுவில் சேர 400 மீட்டர் நீச்சலும் 5 கி.மீ. ஓட்டமும் எவ்வளவில் இருக்க வேண்டும்? சுற்றுவட்டார ஏற்றங்கள் குட்டையானவை. பக்கத்திலுள்ள பீக்கன் ஹில் 248 மீட்டர்தான். நீண்ட ஏற்றத்துக்கு வாரக்கடைசியில் பீக் டிஸ்டிரிக்ட் பக்கம் போயாக வேண்டும்.

அமெரிக்காவில் கொலராடோவின் போல்டர் பெரும்பாலோரின் கனவு ஊர். உயரம் சுமார் 1,650 மீட்டர். வளாகத்தை ஒட்டி ஓடைப் பாதை, மேற்கே பேஸ்லைன் சாலை முடியும் இடத்திலேயே ஃபிளாக்ஸ்டாஃப் ஏற்றம், வடகிழக்கே திறந்தநீர் பயிற்சிக்கு நீர்த்தேக்கம். சைக்கிளுக்கு இந்தப் பட்டியலில் இதுவே முதலிடம். உயரத்தை மட்டும் நம்பிப் போவதில் அர்த்தமில்லை. இரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் சிவப்பணு கூடுவதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் உயரம் 2,000 முதல் 2,500 மீட்டர். போல்டர் அதற்குக் கீழே. பலன் மிதமானது, சிரமம் மட்டும் முதல் நாளிலிருந்தே உண்டு. முதல் மூன்று வாரம் நீச்சல் செட்களில் பழைய வேகத்தைப் பிடிக்கப் பார்த்தால் பாதியிலேயே மூச்சு வாங்கிப் படுத்துவிடுவீர்கள். ஒவ்வொரு நீச்சலுக்கும் நடுவிலான ஓய்வை 10 முதல் 15 விநாடி கூட்டுங்கள். கிளம்பும் முன் ஃபெரிட்டின் பரிசோதனை (உடம்பின் இரும்புச் சத்து இருப்பைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) செய்துகொள்ளுங்கள். இரும்புச் சத்துக் குறைவோடு போனால் உடம்பு புதிய சிவப்பணுக்களைச் சரியாக உருவாக்காது, களைப்புத்தான் மிஞ்சும்.

குளங்களில் இன்னொரு குழப்பம்: அமெரிக்காவில் பெரும்பாலும் 25 கஜக் குளம். 100 கஜம் 91.44 மீட்டர்தான். மீட்டர் குளத்தில் 100க்கு 1:30 எடுப்பவர் இங்கே 1:22 பார்த்துவிட்டு, தேறிவிட்டோம் என்று நினைத்துக்கொள்வார். கோடையில் மதியத்துக்குமேல் மலையில் இடிமின்னல் வரும், நீண்ட சைக்கிளைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். வெளிநாட்டு மாணவர் விசாவில் இளங்கலை படிப்பவர் பருவத்துக்கு 12 கிரெடிட்டுக்குக் குறையாமல் எடுத்தாக வேண்டும். பந்தயம் இருக்கிறது என்று பாடத்தை விட்டுவிட முடியாது.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏவின் கீழ் டிரையத்லான் பெண்களுக்கு மட்டுமே. தூரம் 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். உதவித்தொகையோடு படிக்க நினைக்கும் பெண்கள் முதலில் பார்க்க வேண்டியது டெம்பியில் உள்ள அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம். தேசியப் பட்டத்தைத் தொடர்ந்து பல முறை வென்ற அணி அது. வளாகத்தில் வெளிக்குளம், குளிர்காலத்திலும் நீந்தலாம். கோடையில் 40 டிகிரி தாண்டும். சைக்கிளும் ஓட்டமும் விடிவதற்குள் முடிய வேண்டும், காலை எட்டு மணி வகுப்பு எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆண்களுக்குப் பெரும்பாலான வளாகங்களில் கிளப் அணிதான், அதை நம்பிப் பணக்கணக்குப் போடக் கூடாது.

ஸ்பெயினின் ஜிரோனா தொழில்முறை வீரர்களின் ஊர். எல்ஸ் ஆஞ்சல்ஸ் ஏற்றம் வீட்டு வாசலில், ரோகாகோர்பா ஏற்றம் சற்றுத் தள்ளி, பன்யோலஸ் ஏரி சுமார் 20 கி.மீ. படிப்பு என்று வரும்போது சறுக்குகிறது: இளங்கலை வகுப்புகள் பெரும்பாலும் கட்டலான் மொழியில். ஒரு பருவம் பரிமாற்ற மாணவராக வந்து போவதற்குத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம், மூன்று நான்கு வருடப் பட்டத்துக்கு அல்ல.

கூட்டமாக ஓட்டும் குறுந்தூரப் பந்தயமே குறி என்றால் லீட்ஸ், அதுவும் ஹெடிங்லி. நீச்சலைத் தேற்ற வேண்டியவர் லஃப்பரோ. அடித்தளம் உறுதியாக உள்ள நீள்தூரக்காரர் போல்டர். எதுவானாலும் பணம் கட்டும் முன் அந்தத் துறையின் இந்த ஆண்டு வகுப்பு அட்டவணையையும் குளத்தின் லேன் அட்டவணையையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். ஆய்வகப் பாடம் உள்ள படிப்புகளில் இரண்டும் மோதுவது பெரும்பாலும் மாலை நான்கிலிருந்து ஆறுக்குள்தான்.