கனாசாவாவின் நோமுரா வீடு: கொஞ்சம் உட்கார்ந்து பார்க்க வேண்டிய இடம்

ஜப்பானில் இருக்கும் கனாசாவா நகரத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கென்ரோகுஎன் தோட்டத்தைச் சுற்றிவிட்டு அப்படியே ரயிலேறிவிடுகிறார்கள். அந்த ஊரின் நாகமாச்சி பகுதியில் இருக்கும் நோமுரா வீட்டை விட்டுவிடாதீர்கள். நுழைவுக் கட்டணம் 550 யென். காலை 8.30க்கே திறந்துவிடுகிறார்கள், அந்த நேரத்துக்கே போய்விடுங்கள். வீடு சின்னது. கூட்டம் சேர்ந்துவிட்டால் தாழ்வாரத்தில் உட்கார இடம் கிடைக்காது. உட்காராமல் வருவதற்கு அங்கே போகவே வேண்டாம்.

நோமுரா குடும்பத்தார், இந்த வட்டாரமான காகாவை ஆண்ட மாயேதா பிரபுக்களிடம் தலைமுறை தலைமுறையாக ஊழியம் பார்த்த சாமுராய்ப் போர்வீரர்கள். அவர்களுக்கு மானியம் 1,200 கோகு அரிசி. ஒரு ஆள் ஒரு வருஷம் சாப்பிடும் அரிசிதான் ஒரு கோகு என்பது அந்தக் காலக் கணக்கு. 1868இல் பேரரசரின் மெய்ஜி ஆட்சி வந்து மானியம் நின்றதும் நிலம் துண்டு துண்டாகி, பழைய வீடும் போய்விட்டது. இப்போது நாம் பார்க்கும் முக்கிய அறைகள் வேறு ஊரிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தவை. ஹாஷிதாதே என்ற கடலோர ஊரில் குபோ ஹிகோபெய் என்ற பெரு வணிகர், பிரபுவை வரவேற்பதற்காக 1843இல் கட்டியவை. முழுக்க ஹினோகி என்ற ஜப்பானிய சைப்ரஸ் மரத்தில் கட்டம் கட்டமாகக் கோத்த கூரையை அண்ணாந்து பார்த்தால், அவர் எவ்வளவு அள்ளி இறைத்திருக்கிறார் என்று புரியும்.

“அப்ப இது அசல் சாமுராய் வீடு இல்லையா?” என்று அம்மா கேட்டார். அறைகளைப் பொறுத்தவரை இல்லைதான். அதனால் எனக்கு இதன் மதிப்பு குறையவில்லை. எங்கோ அழிந்திருக்க வேண்டிய மரவேலை, ஆளில்லாமல் போன ஒரு மனையில் உயிரோடு நிற்கிறது. இதைவிட நல்ல மீட்பு வேறென்ன வேண்டும்?

தோட்டத்துக்குத்தான் நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். பரப்பு ரொம்பக் குறைவு. ஆனால் குளம் தாழ்வாரத்துக்கு அடியிலேயே வந்துவிடுகிறது. ஓரத்தில் உட்கார்ந்தால் காலுக்குக் கீழே மீன்கள் திரும்புவது தெரியும். பக்கத்தில் ஓடும் ஓனோஷோ வாய்க்காலிலிருந்துதான் தண்ணீரை உள்ளே இழுத்திருக்கிறார்கள். எதிரே அகலக் குடை விரித்த பெரிய கல்விளக்கு, கருங்கல் பாலம், 400 வயது என்று சொல்லப்படும் யாமமோமோ என்ற பழமரம். எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் நெருக்கி வைத்தும் இடம் அடைசலாகத் தெரியவில்லை. உட்கார்ந்த கண்மட்டத்துக்கு அமைத்த தோட்டம் இது. நின்றுகொண்டு போட்டோ எடுத்துவிட்டு நகர்கிறவர்களுக்குப் பாதிகூடத் தெரியாது. முட்டி வலியால் தரையில் உட்கார யோசித்த அம்மா, உட்கார்ந்த பிறகு எழுந்திருக்க மனமில்லாமல் இருந்தார்.

மாடியில் தேநீர் அறை இருக்கிறது. காசு கொடுத்தால் மாட்சா என்ற பச்சைத் தேயிலைப் பொடித் தேநீரும் ஒரு சின்ன இனிப்பும் தருவார்கள். ஏறிப் போகும் கற்படிகள் மேடும் பள்ளமுமானவை. வயதானவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போங்கள். செருப்பை வாசலிலேயே கழற்ற வேண்டும் என்பதால், குளிர்காலத்தில் தடித்த காலுறை அவசியம். அந்த மாதங்களில் தெருவின் மண்சுவர்கள் பனியில் உதிராமலிருக்க வைக்கோல் பாய் கட்டித் தொங்கவிடுகிறார்கள், அதற்காகவே டிசம்பருக்குப் பிறகு போகலாம்.

முடித்துவிட்டு, அதே நாகமாச்சியில் இருக்கும் காலாட்படை வீரர்களின் வீடுகளையும் பாருங்கள். அனுமதி இலவசம். 1,200 கோகு என்றால் என்னவென்று அந்தச் சிறிய அறைகளுக்குள் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.