உரிமத்தில் ஓரிடம்தான் மிச்சம்: .315, .30-06, .22 ரைபிள்களில் எதை வாங்குவது?

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 2019இல் திருத்தப்பட்ட பிறகு, ஒருவர் தம் உரிமத்தில் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது. தாத்தா விட்டுச்சென்ற இரட்டைக்குழல் ஒன்று ஏற்கெனவே வீட்டில் இருக்குமானால், சென்னையில் ரைபிள் வாங்க விரும்புபவருக்கு எஞ்சுவது ஓரிடம்தான். போல்ட் ரைபிள் (ஒவ்வொரு முறை சுடுவதற்கும் போல்ட் என்னும் தாழ்ப்பாளைக் கையால் இழுத்து மூடும் துப்பாக்கி) என்று தேடுபவர்முன் பெரும்பாலும் மூன்று வகைகள் வந்து நிற்கின்றன; எண்கள் அவற்றின் தோட்டா வகையைக் குறிப்பவை: மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலையில் செய்யப்படும் புதிய .315, வேறொரு உரிமதாரரிடமிருந்து கைமாறும், ஜெர்மானிய மௌசர் அமைப்பைக் கொண்ட பழைய செக்கோஸ்லோவாக்கிய .30-06, அதே நாட்டிலிருந்து பர்னோ என்ற பெயருடன் வந்த .22.

முதல் இரண்டும் வேட்டைக்கென்றே உருவானவை. ஆனால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதற்கு 1991இல் செய்யப்பட்ட திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டைக்கு நம் நாட்டில் இடமில்லாமல் செய்துவிட்டன. எனவே எந்த விலங்கை எவ்வளவு தொலைவில் வீழ்த்தும் என்று வெளிநாட்டு இதழ்கள் எழுதும் மதிப்பீடுகளால் நமக்குப் பயனில்லை. தாளில் குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பதையும், அதை உறுதிப்படுத்திக்கொள்ளத் தேவையான தோட்டாவும் சுடுதளமும் கிடைக்கின்றனவா என்பதையும் வைத்துத்தான் இங்கே ஒரு ரைபிளை எடைபோட முடியும். இரண்டாவது கேள்வியை வாங்குபவர்கள் பெரும்பாலும் பணம் கட்டிய பிறகே கேட்கிறார்கள்.

.315 பிறந்ததற்குக் காரணமே சட்டம்தான். இராணுவம் பயன்படுத்திய .303 தோட்டா பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்டிருந்ததால், ஆஸ்திரிய மன்லிக்கர் தோட்டாவிலிருந்து வந்த 8 மி.மீ. தோட்டாவுக்கேற்ப, பிரிட்டிஷ் இராணுவத்தின் லீ என்ஃபீல்டு ரைபிளை மாற்றியமைத்து .315 ஆக்கினார்கள். அதன் குண்டு 244 கிரெயின், அதாவது ஏறத்தாழ 15.8 கிராம் எடை. மழுங்கிய முனையும் மிதமான வேகமும் கொண்டது என்பதால், தொலைவு கூடக்கூட விரைவாகத் தாழ்கிறது. குறைந்த தூரத்தில் சுடுவதற்கே பொருந்தும் தோட்டாவிடம் 300 மீட்டர் துல்லியத்தை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

லீ என்ஃபீல்டின் போல்ட் பின்பக்கத்தில் பூட்டிக்கொள்கிறது; மௌசரின் போல்ட்டோ முன்பக்கத்தில், தோட்டாவுக்கு மிக அருகில், இரண்டு தடித்த பற்களால் பூட்டிக்கொள்கிறது. பின்பூட்டு அமைப்பில் சுடும்போது போல்ட் சற்றே அமுங்குவதால் தோட்டா உறை நீண்டுவிடுகிறது என்பது லீ என்ஃபீல்டின் மீது மேல்நாட்டார் வழக்கமாகச் சொல்லும் குறை. அங்கே சுட்ட உறையில் மறுபடி மருந்து நிரப்பிப் பயன்படுத்துகிறார்கள் என்பதால் அவர்களுக்கு அது பெரிய குறைதான். உரிமமின்றித் தோட்டா தயாரிக்க முடியாத நம் நாட்டில், ஒருமுறை சுட்ட உறையின் நீளத்தைப் பற்றிக் கவலைப்பட எதுவுமில்லை. மாறாக, போல்ட்டைக் குறைந்த கோணத்தில் தூக்கி வேகமாக இயக்க முடிவது லீ என்ஃபீல்டின் சிறப்பு. ஆனால் போல்ட்டை மூடும்போதுதான் ஸ்பிரிங் இறுகும் என்பதால், மூடும் அசைவின் கடைசிப் பகுதியில் கை அழுத்தம் தேவைப்படும். புதிதாக வாங்கியவர்கள் அதைக் கோளாறு என்று எண்ணிக் கடைக்காரரிடம் திரும்பிப் போவதுண்டு. அது கோளாறு இல்லை.

புதிய .315 கைக்கு வந்ததும் பார்க்க வேண்டியவை சில. போல்ட்டில் பொறித்த எண்ணும் உடற்பகுதியில் பொறித்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். சோதனை முத்திரை தெளிவாகத் தெரிய வேண்டும். குழலுக்குள் பூசப்பட்டிருக்கும் கிரீஸை முற்றிலும் துடைத்தெடுத்த பிறகே முதல் தோட்டாவைச் சுட வேண்டும். தோட்டாவின் அடியில் விளிம்பு துருத்திக்கொண்டிருப்பதால், மேகசின் எனப்படும் தோட்டாப் பெட்டியில் அடுக்கும்போது மேலுள்ள தோட்டாவின் விளிம்பு கீழுள்ளதன் விளிம்புக்கு முன்னால் இருக்குமாறு வைக்க வேண்டும். மாறிவிட்டால் போல்ட் பாதியில் சிக்கும். இராணுவ மரபில் வந்த இரண்டு கட்ட ட்ரிகர் கனமாகவே இருக்கும். அதைத் தெருமுனை மெக்கானிக்கிடம் கொடுத்து அரம் போடச் சொல்வதைவிட, விரலைப் பழக்கிக்கொள்வது நல்லது.

மௌசர் அமைப்பிலான .30-06இன் மீதுள்ள மோகத்தை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. மௌசரின் 1898ஆம் ஆண்டு வடிவம் இன்றுவரை வேட்டை ரைபிள்களுக்கு அளவுகோலாக நிற்கிறது. 1906இல் அமெரிக்க இராணுவத்துக்கென வந்த .30-06 தோட்டா, 300 மீட்டருக்கும் சளைக்காதது. தோட்டாவின் விளிம்பைப் பிடித்து மேகசினிலிருந்து இழுத்துச் செல்லும் நீண்ட கொக்கி காட்டில் நம்பிக்கை தரும். சுடுதளத்தில் அதுவே ஒரு தொல்லை: அங்கே ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுடுவதுதான் வழக்கம், ஆனால் குழலின் பின்முனையில் தோட்டா அமரும் சேம்பருக்குள் நேரடியாகத் தோட்டாவைப் போட்டு போல்ட்டை அறைந்து மூடினால் அந்தக் கொக்கி நாளடைவில் உடையக்கூடும், ஒவ்வொரு முறையும் மேகசின் வழியாகவே செலுத்த வேண்டும்.

இந்த ரைபிள் கிடைப்பதில் உள்ள சிக்கல்தான் பெரிது. தனிநபர் இறக்குமதிக்குப் பல பத்தாண்டுகளாகக் கட்டுப்பாடு இருப்பதால், நல்ல நிலையிலுள்ள வெளிநாட்டு ரைபிளின் விலையில் அதன் தரத்துக்குரிய பங்கு சிறியது. அருமைக்குரிய பங்கே அதிகம். ஐம்பது, அறுபது ஆண்டுகள் சென்னையின் கடற்காற்றில் இருந்த குழலுக்குள் துரு அரித்த குழிகள் இருக்கலாம். வெளிப்பூச்சைப் புதுப்பித்து விற்றால் அவை கண்ணுக்குத் தெரியாது. விளக்கொளியில் குழலைப் பார்க்க அனுமதிக்காத விற்பனையாளரிடம் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளலாம்.

.22க்கு இந்தக் கவர்ச்சி எதுவும் இல்லை. அதன் குண்டு 40 கிரெயின், வெறும் 2.6 கிராம், உதை என்று சொல்ல எதுவும் கிடையாது. ஆனால் ஒலிம்பிக் வரை செல்லும் 50 மீட்டர் போட்டி இந்தத் தோட்டாவுக்குரியது. அந்த இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ. மட்டுமே. பர்னோ இரண்டாம் மாடல் போட்டித் துப்பாக்கி இல்லை என்றாலும், குழல் கெடாமல் இருந்தால் சுடுபவரின் பிழையை ஒளிக்காமல் காட்டும் அளவுக்குத் துல்லியமானது.

மூன்றும் தெளிவாகப் பிரிவது சோதனையில்தான். ஒரு ரைபிளின் துல்லியத்தை, ஐந்து தோட்டாக்கள் சுட்டுத் தாளில் விழுந்த ஒரே ஒரு துளைக் கூட்டத்தை வைத்துத் தீர்மானிக்க முடியாது. மணல் பையில் ஊன்றி, குழல் ஆற நேரம் கொடுத்து, அத்தகைய கூட்டங்கள் நான்கைந்தாவது சுட்டால்தான் கைப்பிழையும் கருவிப்பிழையும் பிரிந்து தெரியும். கூட்டத்தின் அகலத்தை அளக்கப் பயன்படும் ஒரு கோண நிமிடம் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) என்பது 100 மீட்டரில் சுமார் 29 மி.மீ.; 50 மீட்டரில் அதில் பாதி. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரக்கட்டை ஈரம் குடித்து உப்பி, குழலைத் தள்ளத் தொடங்கினால் குண்டு விழும் இடமே நகர்ந்துவிடும் என்பதால், கோடையில் செய்த சோதனையை மழைக்காலத்தில் மறுபடியும் செய்தாக வேண்டும். ஓராண்டில் வாங்கக்கூடிய தோட்டாக்களின் எண்ணிக்கை உரிமத்திலேயே வரையறுக்கப்பட்டிருக்கிறது. .315க்கு அதில் கணிசமான பகுதி சோதனைக்கே தீர்ந்துவிடும்; .30-06க்குத் தோட்டா தேடுவதே தனி வேலை. பெரிய தோட்டா சுடுவதற்கான நீண்ட தளம் நகருக்குள் கிடையாது. செங்கல்பட்டு மாவட்டத்து ஒத்திவாக்கத்தில் இருப்பதுபோன்ற தளங்கள் காவல்துறைக்கு உரியவை, நினைத்த நேரத்தில் போய்ச் சுட முடியாது. .22 சுடுபவருக்கு ரைபிள் கிளப்பில் சேர்ந்தால் 50 மீட்டர் போதும்.

ஆகவே காலியாக உள்ள ஓரிடத்தை .22க்குக் கொடுப்பதே என் பரிந்துரை. பண்ணை நிலத்தில் பாதுகாப்புக்கென்றே உரிமம் பெற்றிருப்பவர், குறைந்த தூரத்தில் நம்பகமாக வெடிக்க வேண்டும் என்று மட்டும் கேட்பாரானால், .315 அவருக்குப் பொருந்தும். உள்நாட்டுத் தோட்டா, உதிரிப்பாகம், பழுதுபார்ப்பு ஆகிய மூன்றும் அதற்குத்தான் எளிதில் கிடைக்கின்றன. .30-06ஐப் பணம் கொடுத்து வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தந்தையிடமிருந்து வாரிசு முறையில் வருமானால் மறுக்கவும் வேண்டாம். பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கும் முன், குழலின் உட்புறத்தை மட்டும் ஒருமுறை விளக்கடித்துப் பார்த்துவிடுங்கள்.