நெட்டி முறிப்பு மட்டும் போதுமா, மசாஜும் சேர வேணுமா?

எனக்கு பார்சல் வான் ஓட்டுகிற வேலை. போன வருசம் ஒரு காலை சப்பாத்து நூல் கட்டக் குனிந்தவன், இடுப்புப் பிடித்துத் திரும்ப நிமிர முடியாமல் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காலில் விறைப்பு இல்லை, பலவீனம் இல்லை, சலம் போவதிலும் பிரச்சினை இல்லை என்று குடும்ப டொக்டர் கேட்டுத் தெரிந்துகொண்டு, இது தசையும் மூட்டும் சம்பந்தப்பட்டது என்றார். (அந்த அறிகுறிகள் இருக்கிறவர்கள் இதை வாசிக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.)

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் கைரோபிராக்டருக்கு, அதாவது முள்ளந்தண்டையும் மூட்டையும் கையால் அசைத்து வைத்தியம் பார்க்கிறவருக்கு, பஞ்சமில்லை. ஆனால் இரண்டு விதமான இடங்கள் இருக்கின்றன. ஒன்றில் முள்ளந்தண்டை அழுத்தி நெட்டி முறித்து அனுப்பிவிடுவார்கள். மற்றதில், அதே கூரைக்குக் கீழே பதிவு பெற்ற மசாஜ் தெரபிஸ்ட், அதாவது ஆர்.எம்.ரி, முதலில் தசையைத் தளர்த்திவிட்டுப் பிறகுதான் கைரோபிராக்டரிடம் அனுப்புவார். நான் இரண்டிலும் படுத்தவன். இப்போது போவது இரண்டாவதுக்கு. அதனால் நடுநிலை எதிர்பார்க்காதீர்கள்.

முதலாவதில் நேரம் மிச்சம். உள்ளே போய் வெளியே வர ஏழு நிமிசம். வேலைக்குப் போகிற வழியிலேயே முடித்துவிடலாம். அந்த ‘டக்’ சத்தம் கேட்டதும் ஒரு பெரிய ஆறுதலும் வரும். இடம் மாறின எலும்பு திரும்பி வந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். உண்மையில் மூட்டு விரியும்போது உள்ளே இருக்கிற திரவத்தின் அழுத்தம் குறைந்து வாயுக் குழி உண்டாவதுதான் அந்தச் சத்தத்தோடு சம்பந்தப்பட்டது. 2015இல் அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தில் விரல் மூட்டை எம்.ஆர்.ஐ.க்குள் வைத்து இழுத்துப் படம் பிடித்தே காட்டினார்கள். சத்தம் பெரிதாக வந்ததால் வேலை சரியாக நடந்தது என்று அர்த்தமில்லை.

என் விசயத்தில் அந்த ஆறுதல் அடுத்த நாள் மத்தியானம் வரைக்கும்தான். இருபதாவது பெட்டியைத் தூக்கும்போது பழைய இடம் திரும்பவும் இறுகிவிடும்.

இரண்டாவது இடத்தில் முதல் நாள் அரை மணித்தியாலம் மசாஜ். முகம் வைக்கிற ஓட்டைக்குள்ளால் நிலம் மட்டும்தான் தெரியும். கடதாசி நெற்றியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பிள்ளை எடுத்தவுடனே வலிக்கிற இடத்தில் கை வைக்கவில்லை. விலாவுக்குக் கீழே தொடங்கி, வலது பிட்டத்துக்குள் ஆழமாகக் கிடக்கிற ஒரு தசைக்கு வந்து, பெருவிரலை ஊன்றி அப்படியே நிறுத்தினாள். “பத்தில எத்தனை?” “எட்டு.” அழுத்தத்தைக் கூட்டாமல், குறைக்காமல் காத்திருந்தாள். எட்டு ஐந்தாகி மூன்றாகியது. பிறகு கேட்டாள்: “அங்கிள், பேர்ஸை எந்தப் பொக்கற்றில வைக்கிறனீங்கள்?” வலது பின் பொக்கற். ஒன்பது மணித்தியாலம் அதன் மேலே சரிந்து இருந்துகொண்டுதான் வான் ஓட்டுகிறேன். ஏழு நிமிசத்தில் இதை யாரும் கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை.

அதற்குப் பிறகு கைரோபிராக்டர் அழுத்தியபோது பாதி பலமும் தேவைப்படவில்லை. வலிக்கிற இடத்தைக் காப்பாற்ற உடம்பு சுற்றியுள்ள தசையை இறுக்கி வைத்திருக்கும். அந்த இறுக்கத்தோடு மல்லுக்கட்டி முறிப்பதும், தளர்ந்த பிறகு அசைப்பதும் ஒன்றில்லை.

இனிக் காசுக் கதை. என்னை முடிவெடுக்க வைத்தது இதுதான். கைரோபிராக்டருக்கு 2004க்குப் பிறகு ஓஹிப், அதாவது ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதி, காசு தருவதில்லை, மசாஜுக்கும் இல்லை. எல்லாம் வேலையிடத்துக் காப்புறுதியில்தான். என்னுடையது 80 வீதம் கொடுக்கும்; கைரோவுக்கு வருசம் 500 டொலர் வரை, மசாஜுக்குத் தனியாக இன்னொரு 500 வரை.

முதல் இடத்தில் 24 தடவைக்கு முன்பணமாக ‘பக்கேஜ்’ கட்ட வைத்தார்கள். தடவைக்கு 45, மொத்தம் 1,080. பதினாலாவது தடவையோடு என் 500 தீர்ந்தது. மிச்சம் 580 என் பொக்கற்றிலிருந்து. மசாஜுக்கான 500 தொடாமலே கிடந்தது. இரண்டாவது இடத்தில் கைரோவுக்கு 50, மசாஜுக்கு 65. மசாஜுக்கு 13 வீத எச்.எஸ்.ரி வரியும் உண்டு, கைரோவுக்கு இல்லை. ஆக ஒரு தடவைக்கு 123 டொலர் 45 சதம். பில்லைப் பார்த்ததும் இதுதான் கூட என்று தோன்றும். ஆனால் முதல் மாதம் நாலு தடவை, பிறகு இரண்டு மாதத்துக்கு ஒன்றாக நாலு. எட்டோடு வருசம் ஓடிவிட்டது. இரண்டு கணக்கிலிருந்தும் காப்புறுதி கொடுத்தது போக, என் கையால் போனது 198 டொலர் கூட இல்லை. ஒரு தடவைக்கு எவ்வளவு என்று பார்க்காதீர்கள், வருசத்துக்கு எத்தனை தடவை என்று பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: மசாஜ் செய்கிறவர் ஆர்.எம்.ரி தானா, பற்றுச்சீட்டில் பதிவு இலக்கம் இருக்கிறதா என்று முதலே கேளுங்கள். சில இடங்களில் உதவியாளர் பத்து நிமிசம் தேய்த்துவிட்டு அதையும் மசாஜ் என்பார். அந்தச் சீட்டைக் காப்புறுதி திருப்பி அனுப்பிவிடும். ஒன்ராறியோவில் மசாஜ் தெரபிஸ்ட்டுகளைப் பதிந்து ஒழுங்குபடுத்துவதற்கென்றே ‘கல்லூரி’ என்ற பெயரில் ஒரு அமைப்பு இருக்கிறது. அதன் இணையப் பதிவேட்டில் பெயரைப் போட்டால் தெரிந்துவிடும். பக்கேஜ் கட்டுவதென்றால், பாவிக்காத தடவைக்குக் காசு திரும்ப வருமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

இதில் எவ்வளவு மசாஜால் வந்தது, எவ்வளவு பேர்ஸை இடம் மாற்றியதால் வந்தது என்று என்னால் பிரிக்க ஏலாது. புதிதாக வந்த இடுப்பு வலி, என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் பெரும்பாலும் தானாகவே குறையும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கத்தின் 2017 வழிகாட்டியே சொல்கிறது. மருந்துக்கு முதல் முயலக்கூடியவை என்று மசாஜையும் முள்ளந்தண்டு அசைப்பையும் இரண்டையும் அதில் போட்டிருக்கிறார்கள். கழுத்தைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். கழுத்து முறிப்பில் இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் மிக அரிதாக உண்டு என்று வாசித்த நாளிலிருந்து, நான் கழுத்தை யாரிடமும் கொடுத்ததில்லை.

காப்புறுதியில் மசாஜே இல்லாதவர்களுக்கு என் கணக்கு பொருந்தாது. அவர்கள் முதல் வழியில் ஐந்தாறு தடவை பார்த்துவிட்டு நிறுத்தலாம். மசாஜ் உள்ளவர்கள் கார்த்திகையிலேயே நேரம் பதிந்து வையுங்கள். மார்கழியில் எல்லாரும் மிச்ச பெனிஃபிட்டை முடிக்க ஓடி வருவார்கள், ஒரு அரை மணித்தியாலமும் கிடைக்காது.